நாரணாபுரத்தில் யூனிக்ஸ் குடித்தனம்

வரலாற்றை சியாட்டில் பக்கம் எழுதுவார்கள். அனுபவிக்கிற வேலை நாரணாபுரத்துக்கு. சிவகாசியிலிருந்து நாரணாபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்று போர்டுகள் வந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு காலண்டர் அச்சாபீஸில்தான் எனக்கு வேலை. அங்கே ஏ.சி. உள்ள அறைகள் இரண்டு. ஒன்று முதலாளி அண்ணாச்சியின் அறை, இன்னொன்று சர்வர் அறை. மே மாதம் முழுக்க அண்ணாச்சி சர்வர் அறையில்தான் உட்கார்ந்திருப்பார், அங்கே குளிர் கூடுதல் என்பதால். ஆகையால் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் மனமாற்றங்கள் அத்தனைக்கும் அவரும் கண்கண்ட சாட்சி.

முதல் விஷயம்: யூனிக்ஸை விண்டோஸ்காரர்களின் பரம்பரை எதிரி என்று சொல்பவர்களுக்குக் குடும்ப வரலாறு தெரியாது. 1980 ஆகஸ்டில், டாஸ் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, மைக்ரோசாஃப்ட் ஏ.டி. அண்ட் டி.யிடம் உரிமம் வாங்கி 'ஸீனிக்ஸ்' என்ற பெயரில் யூனிக்ஸ் விற்கப் போவதாக அறிவித்துவிட்டது. எண்பதுகளில் அது நன்றாகவே விற்றது. பிறகு டாஸில் காசு கொட்டியது, ஓ.எஸ்.2 என்ற புது இயங்குதளத்தின் மீது மோகம் வந்தது, 1987இல் ஸீனிக்ஸை சாந்தா குரூஸ் ஆப்பரேஷன் என்ற கம்பெனியிடம் தள்ளிவிட்டார்கள். அந்தக் கம்பெனிதான் ஸ்கோ. தொண்ணூறுகளில் நம் ஊர் வங்கிக் கிளைகளிலும் மொத்த வியாபாரிகளின் கணக்குப்பிள்ளை மேசைகளிலும் பச்சை எழுத்துத் திரையோடு உட்கார்ந்திருந்த ஸ்கோ யூனிக்ஸ் அதே வீட்டு வாரிசு.

எங்கள் அச்சாபீஸிலும் அதுதான் ஓடியது. 1998 வாக்கில் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, "2000 பிறந்த ராத்திரி இந்தப் பெட்டி செத்துப்போகும் சார், யூனிக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு மைக்ரோசாஃப்டுக்கு மாறிடுங்க" என்று அண்ணாச்சியை மிரட்டினார். அண்ணாச்சி எழுந்து போய்ப் பழைய பெட்டியை அணைத்துப் போட்டார். அது கண்விழிக்கும்போது உரிமைதாரர் பெயர்களை வரிசையாகக் காட்டும். அதில் ஒரு வரியில் மைக்ரோசாஃப்ட்.

"ஏம்ப்பா, இதுவும் உங்க ஆளுதானே? இதை ஏன் தூக்கிப் போடணும்?"

டைக்காரர் பதில் சொல்லாமல் காபி குடித்தார். ஆனாலும் சர்வர் வாங்கினோம். அந்த வருடம் இந்தியாவில் எல்லாரும் வாங்கினார்கள்.

வந்தது விண்டோஸ் என்டி 4.0. இதை உருவாக்கிய அணியின் தலைவர் டேவிட் கட்லர், டிஜிட்டல் கம்பெனியில் வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தை எழுதிவிட்டு 1988இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தவர். யூனிக்ஸைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் 1993இல் என்டி முதன்முதலில் வெளிவந்தபோதே அதற்குள் யூனிக்ஸுக்கு என்று ஒரு போர்ஷன் ஒதுக்கியிருந்தார்கள். பெயர் போசிக்ஸ் துணை அமைப்பு. பாசம் ஒன்றும் இல்லை. அமெரிக்க அரசாங்கம் கம்ப்யூட்டர் வாங்கும்போது போசிக்ஸ் தரம் வேண்டும் என்று விதி வைத்திருந்தது. விதியை நிறைவேற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கட்டினார்கள். கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல் கிடையாது. ஒரு கட்டளையும் உடன் வராது. உள்ளே ஓடுகிற நிரலுக்கு நெட்வொர்க் கிடையாது. அதிகாரி வந்து பார்த்தால் "இதோ இருக்கு சார்" என்று காட்டலாம், குடியிருக்க முடியாது. தண்ணீர்க் குழாய் இல்லாத வாடகை போர்ஷனைக் கண்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

எனக்கோ குடியேறியே தீர வேண்டிய அவசரம். தினசரி காலண்டர் என்பது தொங்கவிட்டுக் கிழிக்கிறவர்களுக்குச் சின்ன விஷயம். செய்கிறவனுக்கு 365 தாள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், கீழே ஒரு பொன்மொழி. பஞ்சாங்கக் கணக்கு ஒருவரிடமிருந்து வரும், பண்டிகைப் பட்டியல் இன்னொருவரிடமிருந்து, பொன்மொழி எங்கிருந்தோ வரும். எல்லாவற்றையும் கோர்த்து அச்சுக்கோப்பு ஆபரேட்டரின் பேஜ்மேக்கருக்குக் கொடுப்பது ஆக், செட், கிரெப், சார்ட் என்ற நான்கு யூனிக்ஸ் வேலைக்காரர்கள். ராகு காலத்துக்குத் தரவே தேவையில்லை, அது கிழமையோடு போவது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ஆக்கில் ஏழு வரி எழுதிவிட்டால் உலகம் உள்ளவரை ஓடும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட வேண்டும். அதன்பிறகு கடைக்காரர்கள் தங்கள் பெயரும் முகவரியும் போட்டு ஆர்டர் கொடுப்பார்கள். அந்த முகவரிகளை ஊர்வாரியாக அடுக்குவதும் இதே நால்வர்தான்.

இந்த நால்வரையும் என்டிக்குள் கொண்டுவரப் பணம் கொடுத்தால் வழி இருந்தது. கனடாவின் மார்ட்டிஸ் கெர்ன் சிஸ்டம்ஸ், சுருக்கமாக எம்.கே.எஸ்., எண்பதுகளிலிருந்தே டாஸுக்கு யூனிக்ஸ் கருவிகள் செய்து விற்றுக்கொண்டிருந்தது. விலை டாலரில். அண்ணாச்சி தொகையை ரூபாய்க்கு மாற்றிக் கேட்டார். பிறகு, "தம்பி, அந்த நாலு பேரும் சம்பளத்துக்கு வாராங்களா, வரதட்சணை கேக்காங்களா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த எம்.கே.எஸ். கருவிகளைத்தான் மைக்ரோசாஃப்டும் உரிமம் வாங்கி, 1999இல் 'யூனிக்ஸ் சேவைகள்' என்ற பொட்டலத்தில் வைத்து விற்றது. அதற்கு முன்னோட்டமாக நடந்த ஒரு கூத்து இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம். யூஸ்னிக்ஸ் சங்கம் நடத்திய விண்டோஸ் என்டி மாநாடு. மேடையில் மைக்ரோசாஃப்ட்காரர் ஒருவர், எங்கள் பொட்டலத்தில் கார்ன் ஷெல் உண்டு என்று அறிவிக்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு மனிதர் மைக்குக்கு வந்து, அது அசல் கார்ன் ஷெல் இல்லையே, 1988 பதிப்போடுகூட அது ஒத்துப்போகாதே என்று பணிவாகச் சொல்கிறார். மேடைக்காரர் விடவில்லை. அசல்தான், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்கிறார். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு கேள்வி கேட்டவர் வாயை மூடிக்கொண்டு, ஆள் தோண்டுகிற பள்ளத்தின் ஆழத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் இன்னொருவர் எழுந்து, அரங்கில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தகவலைச் சொன்னார்: கேள்வி கேட்டவர் பெயர் டேவிட் கார்ன். ஷெல்லை எழுதியவர். இந்தக் கதை உண்மைதான் என்று கார்னே பின்னால் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அவமானப்படுத்தும் எண்ணம் தனக்கு இல்லை என்றும் சொன்னார். எண்ணம் இல்லாமலே இவ்வளவு.

கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1920களில் ஊர் திரும்பிய அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் எங்கள் பக்கம் இன்றும் பேசுவார்கள். தொழிலைக் கற்றவனிடம் போய் உட்கார்ந்து கற்றார்கள். மேடைக்காரர் கார்னிடம் ஒரு காபி சாப்பிட்டிருக்கலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது இலவசப் பிறவியான சிக்வின். சிக்னஸ் கம்பெனியின் ஸ்டீவ் சேம்பர்லின் 1995இல் ஆரம்பித்த வேலை. விண்டோஸின் தலையில் ஒரு நூலகக் கோப்பை உட்காரவைத்து, யூனிக்ஸ் நிரல்களிடம் "நீ யூனிக்ஸில்தான் இருக்கிறாய்" என்று சாதிக்கிற உபாயம். டயல்-அப்பில் இறக்கினால் தீபாவளி வந்துவிடும் என்பதால் மதுரையிலிருந்து சீடியில் வந்தது. ஓடவும் செய்தது, ஆனால் மெதுவாக. யூனிக்ஸில் ஒரு நிரல் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்வது மூச்சு விடுகிற காரியம். விண்டோஸுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சிக்வின் ஒவ்வொரு முறையும் அதைக் கஷ்டப்பட்டு நடித்துக் காட்டியது. ஸ்கோ பெட்டியில் டீ வருவதற்குள் முடிந்த வேலை இங்கே டீயும் வடையும் தீர்ந்து வெற்றிலை போடும்வரை போனது. வேறொரு மென்பொருள் தன்னோடு சிக்வின் நூலகத்தின் இன்னொரு பதிப்பையும் கொண்டுவந்து இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்த மாத்திரத்தில் சண்டை.

இதைவிடப் பெரிய ரகளை ஃபைண்ட், சார்ட் என்ற இரண்டு பெயர்களால் வந்தது. இரண்டு பெயர்களும் யூனிக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. யூனிக்ஸ் ஃபைண்ட் கோப்புகளைத் தேடும். விண்டோஸ் ஃபைண்ட், டாஸ் காலத்திலிருந்து, கோப்புக்குள் எழுத்தைத் தேடும். அழைத்தால் எது வரும் என்பது பாதைப் பட்டியலில் யார் முன்னால் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. முன்னால் நிற்பது எப்போதும் விண்டோஸின் சிஸ்டம்32 அடைவு. முதல் ராத்திரி ஓட்டமே "ஃபைண்ட்: அளபுரு வடிவம் சரியில்லை" என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் திட்டோடு நின்றது. அதன்பிறகு எங்கள் தொகுதிக் கோப்பின் முதல் வரி, பாதையை மாற்றி எங்கள் ஆட்களை முன்னால் நிறுத்துகிற வரி.

விண்டோஸ் 2000 வந்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் விண்டோஸிலேயே வந்தது. அதுவரை அச்சாபீஸுக்கு அச்சாபீஸ், எழுத்துருவுக்கு எழுத்துரு, தனித்தனிக் குறிமுறை. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தும், சிவகாசியில் அவரவர் வைத்ததே தரம். ஆர்வக்கோளாறில் பண்டிகைப் பட்டியலை நோட்பேடில் யூனிகோடாகச் சேமித்தோம். நோட்பேடின் யூனிகோட் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட், இடைவெளியிலும் எண்ணிலும் ஒரு பைட் பூஜ்யம். கிரெப் அதைப் பார்த்துவிட்டு, இது எழுத்தே இல்லை, பைனரி என்று தள்ளிவைத்தது. செம்மொழி அறிவிப்பு வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. அதற்குள் இந்த அவமானம்.

யுடிஎஃப்-8க்கு மாற்றியதும் கிரெப் சமாதானமானது. சார்ட் வேறு வம்பு செய்தது. அது பைட் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் 'ஜ' வந்து சகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், ஜமீன் சல்வார்பட்டி ஆர்டர்கள் சாத்தூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் போய் நின்றன. வடவெழுத்தைக் கடைசியில் வைத்துப் பழகிய பார்சல்காரர் அந்த ஊரையே காணோம் என்றார். றன்னகரமோ பகரத்துக்கு முன்னாலேயே ஏறி நின்றது. இலக்கண வாத்தியார்கள் யாரும் பார்சல் பிரிவில் இல்லாததால் அது தப்பித்தது.

அதே காலத்தில் மைக்ரோசாஃப்டின் வீட்டுக்குள்ளேயே நடந்ததைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1997 கடைசியில் ஹாட்மெயிலை வாங்கினார்கள். அதன் வலை சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. உலகத்துக்கே என்டி விற்கிற கம்பெனியின் தபாலாபீஸில் யூனிக்ஸ். விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அவற்றை மாற்ற முடிந்தது.

பொற்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது விண்டோஸ் சர்வர் 2003. சாஃப்ட்வே சிஸ்டம்ஸ் என்ற சின்னக் கம்பெனி, அந்தக் குழாயில்லாத போசிக்ஸ் போர்ஷனை இடித்துவிட்டு உண்மையிலேயே குடியிருக்கத்தக்க ஒன்றைக் கட்டியிருந்தது. பின்னால் அதற்கு இன்டெரிக்ஸ் என்று பெயர். 1999இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியையே வாங்கியது. 2004இல் 'யூனிக்ஸ் சேவைகள் 3.5' இலவசமாகவே வந்தது. நடிப்பு இல்லை, நகலெடுப்பு நிஜமான நகலெடுப்பு, ஷெல், கருவிகள், கம்பைலர் எல்லாம் உண்டு. எங்கள் காலண்டர் மறுபடி டீ வருவதற்குள் தயாரானது. "இந்த ஒரு தடவைதான் வெள்ளைக்காரன் ஓசியில நல்லது கொடுத்திருக்கான்" என்று அண்ணாச்சி சான்றிதழ் வழங்கினார்.

வாய் முகூர்த்தம். 2005இல் சர்வர் 2003 ஆர்2 வந்தபோது 'யூனிக்ஸ் சேவைகள்' பொட்டலம் கலைக்கப்பட்டு, துணை அமைப்பு விண்டோஸுக்குள்ளேயே வேறு பெயரில் ஐக்கியமானது. விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் ஏழிலும் விலை உயர்ந்த பதிப்புகளுக்கு மட்டும் என்று ஆனது. சர்வர் 2012இல் "இது போகப் போகிறது" என்று நோட்டீஸ். 2012 ஆர்2இல் இடமே காலி. பத்து வருடத்துக்குள் கிரகப்பிரவேசமும் வெளியேற்றமும். இத்தனைக்கும் இது அவர்களே காசு கொடுத்து வாங்கிய வீடு.

இடையில் ஜெஃப்ரி ஸ்னோவர் என்பவர் உள்ளே இருந்துகொண்டே ஒரு உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். யூனிக்ஸில் எல்லாமே உரைக்கோப்பு, அதனால் கிரெப்பும் ஆக்கும் ராஜா. விண்டோஸில் எல்லாமே ரெஜிஸ்ட்ரியிலும் நிரல் இடைமுகங்களிலும் ஒளிந்திருக்கிறது, அங்கே கிரெப்பை அனுப்பினால் கதவு எங்கே என்றே தெரியாது. ஆகவே புதிதாக ஒன்றைச் செய்தார். 2006இல் வந்த பவர்ஷெல் அது. நல்ல சரக்கு, மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மைக் கவர 'எல்எஸ்', 'கேட்', பிறகு 'கர்ல்' என்று யூனிக்ஸ் பெயர்ப்பலகைகளை வாசலில் மாட்டினார்கள். உள்ளே போனால் இருப்பது வேறு ஆள். அசல் கர்லை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்கே 2016இல், ஐயா அந்தப் பலகையைக் கழற்றுங்கள் என்று மனுப்போட வேண்டி வந்தது.

சர்வர் மாறும்போதெல்லாம் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வருவார். 64 பிட் சர்வர் வந்த வருடம் அவர் எனக்கு உபதேசித்தது: 64 பிட் கோப்புகள் 'சிஸ்டம்32' என்ற அடைவில் இருக்கும், 32 பிட் கோப்புகள் 'சிஸ்வாவ்64' என்ற அடைவில் இருக்கும், 32 பிட் நிரல் போய் 'சிஸ்டம்32' எங்கே என்று கேட்டால் அதற்குத் தெரியாமல் 'சிஸ்வாவ்64'க்கு அழைத்துப் போய்விடுவார்கள். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். சத்தியமான உண்மை. இதே மனிதர்தான் சர்வரில் தேதி வடிவத்தை அமெரிக்க வழக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனவர். ஆடிப்பெருக்கு அந்த வருடம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி. எங்கள் நிரல் அதை மார்ச் எட்டு என்று படித்து, ஆல்பத்துக்கான கோப்புகளை மார்ச் மாத அடைவில் பத்திரமாக வைத்துவிட்டது. அண்ணாச்சி விடியவிடியத் தேடவைத்தார். கடைசியில் கண்டுபிடித்தது யூனிக்ஸ் ஃபைண்ட்.

சென்னையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2006-07 வாக்கில், உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, விண்டோஸிலிருந்து யூனிக்ஸின் உறவுக்காரனான சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசாங்கமே மாறும்போது நாமும் மாறினால் என்ன என்று அண்ணாச்சியிடம் எடுத்துச் சொன்னேன். "பேஜ்மேக்கர் அதுல ஓடுமா தம்பி?" என்றார். ஓடாது. "அப்போ அரசாங்கம் காலண்டர் அடிக்கட்டும், நாம லினக்ஸுக்குப் போவோம்."

இத்தனை குடிமாற்றத்திலும் எங்களைக் காப்பாற்றியது எந்தத் துணை அமைப்பும் இல்லை. யுஎன்எக்ஸ்யூட்டில்ஸ் என்று ஒரு ஜிப் கோப்பு. 2000ஐ ஒட்டிய வருடங்களில் ஒருவர் குனூ என்ற இலவச யூனிக்ஸ் பாணிக் கருவிகளை விண்டோஸுக்கே நேரடியாகக் கம்பைல் செய்து, தனித்தனிச் சின்ன நிரல்களாக வெளியிட்டது. நிறுவல் கிடையாது, ரெஜிஸ்ட்ரியில் பதிவு கிடையாது. விண்டோஸோடு எப்போதும் வருகிற ஒரே ஒரு நூலகக் கோப்பு போதும். அடைவில் போட்டால் ஓடும். மைக்ரோசாஃப்டிடம் எதையும் கேட்டு வாங்காததால் மைக்ரோசாஃப்டால் எதையும் பிடுங்க முடியவில்லை. 2012 வாக்கில் மின்வெட்டு பகல் முழுக்க ஆண்டபோது, யு.பி.எஸ். மூச்சு வாங்குகிற கால் மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்ததும் இந்த ஜிப் ஆட்கள்தான்.

அதற்குள் மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டில் காற்று திசைமாறியது. 2001இல் கம்பெனியின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். 2014இல் அவர் நாற்காலிக்கு வந்த சத்ய நாதெல்லா அதே லினக்ஸ் மீது கம்பெனிக்குக் காதல் என்று திரையில் போட்டுக் காட்டினார். 2016இல் விண்டோஸ் 10க்குள் லினக்ஸ் நிரல்கள் ஓடின. அந்த வசதியின் அடுத்த பதிப்பில் லினக்ஸ் கெர்னலையே கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்கள். 2018இல் அசல் கர்லும், யூனிக்ஸ் ஆட்கள் எழுபதுகளில் செய்த டாரும் விண்டோஸோடே வர ஆரம்பித்தன. அதே வருடம் நோட்பேட், யூனிக்ஸ் கோப்பை ஒரே நீள வரியாகக் காட்டாமல் வரி பிரித்துக் காட்டக் கற்றுக்கொண்டது. இதைக் கற்க அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது அச்சாபீஸைப் பார்ப்பவர் சின்ன முதலாளி. சர்வர் 2019. புதிதாகச் சேர்ந்த தம்பி லினக்ஸை உள்ளே நிறுவி, பழைய ஜிப் ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்றான். கொடுத்தான். லினக்ஸுக்குள்ளிருந்து சி டிரைவ் கோப்புகளை எட்டிப் பிடிக்கையில் வேகம் செத்தது. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் விண்டோஸ் வைக்கிற கூடுதல் எழுத்து, பொன்மொழிகளின் வாலில் சதுரக் கட்டமாகத் தொங்கியது. மூன்றாம் நாள் அவனே பழைய அடைவைத் திரும்ப வைத்தான்.

"அண்ணே, இந்தத் தொகுதிக் கோப்புல முதல் வரி மட்டும் என்னத்துக்கு? என்டி காலத்துப் பாதை மாத்தற வரி. இப்பத்தான் விண்டோஸே லினக்ஸா ஆயிருச்சே, எடுத்திரவா?"

"எடுத்துப் பாரு."

எடுத்தான். அன்று ராத்திரி ஓட்டம் முதல் படியிலேயே நின்றது. ஃபைண்டின் அதே திட்டு, என்டியில் வந்த அதே ஆங்கில வாக்கியம். இத்தனை சர்வரில் அதில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.